சென்னைக்குப் போகத் தெற்கே போனோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரப் பயணப் பக்கத்தில் “யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம், இனி என்ன தூரம்?” என்று எழுதியிருந்தீர்கள். கணக்கில் பிழை இல்லை. எங்கள் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னை மீனம்பாக்கம் வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். என்கிற சிறிய விமானத்துக்கு அந்த நேரம் சரி. அந்த ‘இனி’ என்ற சொல்தான் மனதைத் தைத்தது.

ஏதோ இப்போதுதான் வழி பிறந்தது போல எழுதலாமா, ஐயா? 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கித்தான் மதராசுக்குப் போனது. உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. இருந்த வழியை இழந்தோம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நாங்கள் பலாலிக்குப் பக்கத்து வயாவிளான் ஆட்கள். 1990இல் போரால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். அந்த ஓடுபாதைக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு கிணறு இருந்தது.

சரி, பழையதை விடுவோம். 2019 நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. 2022 டிசம்பர் வரை திரும்ப வரவில்லை. அந்த இடைவெளியில், 2022 ஜூலையில், என் அக்கா சென்னையில் காலமானார்.

விசா கையில் இருந்தது. விமானம்தான் இல்லை. வடக்கே இருக்கிற ஊருக்குப் போக நானும் மனைவியும் தெற்கே வெளிக்கிட்டோம். டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நாட்கள். ஓடிய ஒரே பஸ்ஸில் நின்றபடி புத்தளம் வரை, அப்புறம் சிலாபம், அங்கிருந்து கட்டுநாயக்கா, கொழும்பு விமான நிலையம். அன்றைய விமானம் போய்விட்டது. அடுத்த நாள்தான் இடம் கிடைத்தது. கட்டுநாயக்காவில் இருந்து சென்னை 645 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், அது யாழ்ப்பாணத்தை ஒட்டியே போகிறது. தரையில் 350 கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்கி, எங்கள் ஊர்ப் பக்கமாகவே திரும்பவும் மேலே போயிருக்கிறோம். வாசலில் நின்ற அத்தான், “இதுக்கு மேல வைச்சிருக்க ஏலாமல் போச்சு, தம்பி” என்றார். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

சேவை திரும்ப வந்த பிறகும் எல்லாம் சுகம் இல்லை. ஒருமுறை புறப்படும் நாள் காலையில்தான் ‘இன்று விமானம் இல்லை’ என்று குறுஞ்செய்தி வந்தது. இன்னொருமுறை நிறை கூடிவிட்டது என்று அக்காவின் பிள்ளைகளுக்குக் கட்டிய பனம்பண்டங்களை, பினாட்டையும் ஒடியலையும், வெளியே எடுக்க வைத்தார்கள். ஒரு கிலோ இருக்காது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை பயண நேரம் போடும்போது, நகரத்தில் இருந்து பலாலிக்குள்ள 16 கிலோமீட்டரையும், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் விமானம் உண்டு என்பதையும் போடுங்கள். 2025 மார்ச் 30இல் தொடங்கிய திருச்சிச் சேவையை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. அது 185 கிலோமீட்டர்தான், சென்னைத் தூரத்தில் பாதி. வைத்தியத்துக்குப் போகிற சனத்துக்கு அந்தத் தகவல் உதவும்.

இப்படிக்கு,
35 வருட வாசகர்,
கொக்குவில்.