ரயில் போகும்வரை காத்திருந்த ஜாஸ்

ஆசிரியருக்கு வணக்கம். ஜாஸ் என்றாலே நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முதல் இசைத்தட்டு பதிவானது இரண்டிலும் அல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், வைட்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த ஸ்டார் பியானோ தொழிற்சாலையில். ஆண்டு 1923, கிங் ஆலிவர் என்ற இசைக்கலைஞரின் குழுவில்.

பியானோ ஆலைக்கு இசைத்தட்டு எதற்கு? மரவேலை ஆட்களும் கூடமும் இருந்ததால் கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க தட்டு வேண்டும், பிறந்தது ஜென்னட் என்ற இசைத்தட்டுப் பிரிவு.

அப்போது மைக் கிடையாது. பதிவுக் கருவியின் புனல் வாயில் பட்ட ஒலியே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கீறும். மெழுகை முதலில் இளஞ்சூடாக்க வேண்டும். ஆறிப்போனால் ஊசி பிசிறடிக்கும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி தடம் மாறிவிடும். அதனால்தான் அந்தப் பதிவுகளில் குழுவின் டிரம்மர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டினார். சத்தமான கார்னெட் என்ற ஊதுகருவி பின்னால், மெல்லிய வாத்தியம் புனலருகே. (ஒலிக்கலவை என்பது அன்று ஆட்களை நகர்த்தி நிறுத்துவதுதான்.) பத்து அங்குலத் தட்டு ஏறத்தாழ மூன்று நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒரு சுரம் பிசகினால் அந்த மெழுகு வீண். வெட்டி ஒட்ட வழியில்லை. பக்கத்திலேயே ரயில் பாதை வேறு! வண்டி கடக்கும்வரை வாசிப்பை நிறுத்த வேண்டியதுதான்.

தேறிய மெழுகில் கிராஃபைட் தூவி, செம்பு முலாம் ஏற்றி அச்சு எடுப்பார்கள்.

1930களின் பொருளாதார மந்தத்தில் ஜென்னட் நின்றது. பள்ளத்தாக்கில் இன்று மிஞ்சியிருக்கும் செங்கல் கட்டடம் ஒன்றில் அதன் பெயரை இப்போதும் படிக்கலாம்.

— ஒரு வாசகர்