‘பாரம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லிவிங் வில் பற்றி, அதாவது மீள வழியில்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயில் பற்றி, உங்கள் பக்கத்தில் வந்த விவாதத்தைப் படித்தேன். கிறிஸ்தவர் என்றால் கடைசி மூச்சுவரை கருவியில் வைக்கச் சொல்பவர், கடவுளை மறுப்பவர் என்றால் ‘போதும், கழற்றுங்கள்’ என்பவர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்திருந்தார்கள். ஐசியூ வாசலில் நிலவரம் அப்படி இல்லை.

உயிர் இறைவன் தந்தது, நம் சொத்தல்ல என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆகவே ஊசி போட்டு முடிப்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் சாவோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும் அதே நம்பிக்கைதானே? அதனால்தான் 1957 நவம்பரிலேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போது, மீள வழியில்லாதவருக்கு அசாதாரணக் கருவிகளைத் தொடரும் கடமை இல்லை, செயற்கை சுவாசத்தை நிறுத்தலாம் என்றார். நம் உச்ச நீதிமன்றம் அந்த இடத்துக்கு முழுமையாக வந்தது 2018-ல்.

நம்பாதவர் வழி வேறு. இருப்பது இந்த ஒரு வாழ்க்கை, அதை வாழ்கிறவருக்கே அதில் கடைசிச் சொல் என்பார். இதில் ஒரு ஓட்டை உண்டு. மறதிநோய் முற்றியவரும் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையும் தம் விருப்பத்தை எப்படிச் சொல்வார்கள்? மனிதராகப் பிறந்ததே போதும், வேறு தகுதி கேட்காதே என்கிற மனித உரிமைப் பார்வை இந்த இடத்தில் கிறிஸ்தவரோடு ஒரே வரிசையில் நிற்கிறது. சிறுநீர்க் குழாயோடு ஊர் ஊராய்க் கூட்டம் பேசிய பெரியார், 1973 டிசம்பர் 24-ல் காலமானது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அந்தக் குழாய் அவரை மேடையேற வைத்தது, அதனால் அதற்கு அர்த்தம் இருந்தது. எந்தக் கருவியையும் இப்படித்தான் எடைபோட வேண்டும்.

உண்மையான கருத்து வேறுபாடு மூக்குவழி உணவுக் குழாயில் இருக்கிறது. அது சிகிச்சை அல்ல, சாப்பாடும் தண்ணீரும்; பயன் தரும்வரை கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2004-ல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்னது. சிஎஸ்ஐ போன்ற புராட்டஸ்டன்ட் சபைகளில் போப் மாதிரி ஒரே குரல் கிடையாது, ஆயரைப் பொறுத்துப் பதில் மாறும். மதநம்பிக்கை இல்லாதவர் பெரும்பாலும் அதையும் சிகிச்சை என்றே பார்ப்பார். ஆனால் படுக்கையருகே வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே குரல்தான்: ‘பட்டினி போட்டுக் கொல்லாதீங்க.’ கடைசி நாள்களில் உடம்பு உணவை ஏற்காது. உள்ளே போகிற நீர் நுரையீரலில் தேங்கி நெஞ்சில் கரகரக்கலாம். நினைவில்லாதவர் வாயில் பால் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தாலே போதும். உடம்பு ஏற்காதபோது நிறுத்துவதைக் கத்தோலிக்கப் போதனையும் தடுக்கவில்லை.

இதனால்தான் ‘எந்தக் கருவியும் வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் எழுதும் உயில் உதவாது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், உணவுக் குழாய், நெஞ்சை அமுக்கி இதயத்தை ஓடவைப்பது என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். நெஞ்சை அமுக்குவது என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல். முதியவருக்கு விலா எலும்பு முறிவது சகஜம். இது தெரியாமல் ‘வேணும்’ என்பவர்களே அதிகம்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிவிட்டது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். எழுதும்போது முன்பு போல மாஜிஸ்திரேட்டிடமும் போக வேண்டாம், பத்திரப் பதிவும் வேண்டாம். முடிவெடுக்கும் உறவினராக ஒருவரை மட்டும் எழுதாதீர்கள், இரண்டு பேரைப் போடுங்கள். அந்த ஒருவர் துபாயில் இருந்தால் ஐசியூவில் யார் பேசுவது? அவர்களிடம் ஆளுக்கொரு பிரதி, குடும்ப டாக்டரிடம் ஒன்று, மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒன்று. பீரோவுக்குள் நகைப்பெட்டிக்கு அடியில் கிடக்கும் உயில் பதினாறாம் நாள்தான் கைக்குக் கிடைக்கும்.

உயில்படி கருவியை நிறுத்தலாமா என்று பார்ப்பது இரண்டு மருத்துவக் குழுக்கள். சிகிச்சை தரும் மருத்துவரும், 5 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர் இருவரும் முதல் குழு. அவர்கள் ஒப்புக்கொண்டால், முதல் குழுவில் இல்லாத மருத்துவர்களைக் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். அதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்க வேண்டும். இழுபறி பெரும்பாலும் இங்கேதான். அந்த நியமனத்தை யாரிடம் கேட்டு வாங்குவது என்று மருத்துவமனையில் முதல் நாளே விசாரித்து வையுங்கள். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. நிறுத்துவதற்கு முன் மருத்துவமனையிலிருந்து மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. நமக்கு அதன் மதுரைக் கிளை ஒத்தக்கடை பக்கத்திலேயே.

சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த உயில்களில் காரணம் எழுதும் இடத்தில் அடிக்கடி வருவது, ‘பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க விரும்பவில்லை’ என்ற வரி. அதை அடித்துவிடுங்கள். மதுரை, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் தலைக்கூத்தல் என்று பெயர் வைத்து முதியவர்களைக் கொன்றதற்கும் சொல்லப்பட்ட நியாயம் இதே சொல்தான். அது கருணையும் அல்ல, லிவிங் வில்லும் அல்ல; கொலை. சிகிச்சை பயனற்றுப் போனது என்பது ஒன்று, ஆள் பயனற்றுப் போனார் என்பது வேறு. ஆலயத்துக்குப் போகிறவரும் போகாதவரும் இந்த ஓர் இடத்தில் சண்டையின்றி ஒத்துப்போக முடியும். அந்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘மீள வழியில்லை என்று இரண்டு குழுவும் சொன்னால் வென்டிலேட்டரும் டயாலிசிஸும் வேண்டாம். வலிக்கு மார்பின், புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, பக்கத்தில் ஒரு ஆள் — இவை கடைசிவரை வேண்டும்.’

இப்படிக்கு,
நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியர் ஒருவர்,
கே.புதூர், மதுரை.