அம்மிணிக்கு, ஏற்காட்டிலிருந்து

அன்புள்ள அம்மிணி,

மாப்பிள்ளை அனுப்பிய அட்டவணையை ஒண்டிக்கடையில் பிரிண்ட் எடுத்து வந்து நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். பெங்களூர் வீட்டைக் காலி செய்வது, சாமான்களை இங்கே போடுவது, ஜூனில் கோவா, அப்புறம் தர்மசாலா, இலங்கை, தாய்லாந்து என்று ஒரு வருஷம் சுற்றிக்கொண்டே நீங்கள் இருவரும் வேலை பார்ப்பது, பிள்ளைகள் கூடவே வந்து ஆன்லைனில் படிப்பது. நல்ல தெளிவாகத்தான் போட்டிருக்கிறார். ஜூனில் கோவாவில் மழை பிடித்து ஊற்றும், அடுத்த மாதம் தர்மசாலாவிலும் அதே கதைதான். அதை மட்டும் யார் போட்டது என்று கேட்டு வை.

இது கிறுக்குத்தனமா என்று போனில் கேட்டாய். அப்படியெல்லாம் இல்லை. வேலை இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகுட்டியோடு போகிறவர்களைப் பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது. நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கக் குடும்பம் குடும்பமாக மலையேறி வருவார்கள். தூக்குப்போசி, பாய், ஒரு கோழி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் எழுதுவதுதான் எஸ்டேட் ரைட்டராக இருந்த என் வேலை, அதனால் யார் வந்தார்கள், பிள்ளை எத்தனை என்பது எனக்குத் தெரியும். பிப்ரவரியில் அவர்கள் இறங்கும்போது ஊரில் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். இதில் ஒன்று கவனித்திருக்கிறேன். வருஷா வருஷம் அதே எஸ்டேட்டுக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் எப்படியோ தேறிவிடும். இங்கத்து வாத்தியாருக்கு முகம் தெரியும், கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். தோட்டம் மாறி மாறிப் போனவர்களின் பிள்ளைகளைத்தான் எந்தப் பள்ளிக்கூடமும் தன் பிள்ளையாக நினைக்கவில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்கள், நீங்கள் ஆசைப்பட்டுப் போகிறீர்கள், இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எட்டு வயசுப் பிள்ளைக்குப் புது ஊர் புது ஊர்தான்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று 1951இல் போட்டார்கள். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டம் என்றால் குழந்தைக் காப்பகம் கட்டாயம், அதில் பார்த்துக்கொள்ள ஆளும் கட்டாயம் என்று அதில் இருந்தது. தாய் பறிப்பில் நிற்கும்போது பிள்ளையைத் தனியாக ஒருத்தர் பார்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே புரிந்திருக்கிறது. உங்கள் அட்டவணையில் வாடகைக்கு ஒரு கட்டம், இன்டர்நெட் வேகத்துக்கு ஒரு கட்டம், விசாவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இந்த ஆளுக்குக் கட்டமே இல்லை. எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் இதுதான்.

போன டிசம்பரில் வந்திருந்தீர்களே, அதையே எடுத்துக்கொள். மேற்கு அறை ஜன்னல் ஓரம் மட்டும்தான் சிக்னல் என்று ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சின்னவள் கணக்கு நோட்டோடு நிலைப்படியில் வந்து நின்றாள். நீ திரையைப் பார்த்தபடியே பத்து நிமிஷம் என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினாய். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். பெருக்கல் கணக்கு. நான் அவளைக் களத்துக்குக் கூட்டிப்போனேன். ஏறக்குறைய 6 கிலோ பழம் பறித்தால்தான் 1 கிலோ காப்பிக் கொட்டை தேறும், அப்படியென்றால் 50 கிலோ மூட்டைக்கு எவ்வளவு பழம் வேண்டும் என்று கேட்டேன். காய்ந்துகொண்டிருந்த கொட்டை மேலேயே விரலால் எழுதிப் பார்த்தாள். முதலில் 56 என்றாள், கூட்டிவிட்டிருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடி எழுதி 300 என்றாள். அப்புறம் அவளாகவே, "அப்போ ஒரு டம்ளர் காப்பிக்கு எத்தனை பழம் அப்புச்சி?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் சுற்றினால் பிள்ளை நாலும் கற்றுக்கொள்ளும் என்று நீ சொல்வது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது வேலைவெட்டி இல்லாத ஒரு கிழவன். தாய்லாந்தில் அந்த நேரத்துக்கு யார் இருப்பார்கள்? நீயும் போன் காலில், மாப்பிள்ளையும் போன் காலில் என்றால் பெரியவன்தான் தங்கையைப் பார்ப்பான், இல்லாவிட்டால் டேப்லெட் பார்க்கும்.

அதனால் முதலில் வேலை நேரத்தைப் பிரியுங்கள். மாப்பிள்ளை இந்தியக் கம்பெனி, பகலில் முடிந்துவிடும். உன் அமெரிக்கக்காரர்கள் நியூயார்க்கில் காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து விழும் நேரம். தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, அங்கே உன் வேலை குளிர்காலத்தில் 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கும். சாயங்காலம் முழுக்க உனக்கும் பிள்ளைகளுக்கும். பெங்களூர் பள்ளியின் காலை 8.30 வகுப்பு அங்கே 10 மணி, நடுநிசி தாண்டிப் படுத்தாலும் நீ கொஞ்சம் தூங்கலாம். கணக்குப் பார்த்தால் கோவாவை விட அதுதான் தேவலை. 2024இல் கொண்டுவந்த விசாவில் ஒரு தடவைக்கு 180 நாள் இருக்கலாம், பேங்க் கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும் என்கிறார்கள், மாப்பிள்ளை விசாரித்திருப்பார். ஆனால் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க உன் ஆபீஸ் எழுத்தில் அனுமதி தர வேண்டும். மேனேஜர் வாயால் சரி என்றது போதாது. வரி, டேட்டா என்று பின்னால் கேள்வி வரும்.

பள்ளிக்கூட விஷயத்தில் இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். சின்னவள் மூன்றாவது. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரை டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்க முடியாது. திரும்பி வந்தால் எங்காவது சேர்த்துவிடலாம். மாநிலம் மாறினால் மொழி ஒன்றுதான் பார்க்க வேண்டும், அங்கே கன்னடம், இங்கே தமிழ். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்ட வரும், மீதியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

பெரியவன் கதை வேறு. வருகிற ஜூனில் ஒன்பதாவது. பத்தாவது பரீட்சைக்கு சி.பி.எஸ்.இ. ஒன்பதிலேயே பதிவு செய்துவிடும், பரீட்சை எழுத 75 சதவீதம் வருகை வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாவது எழுதலாம், வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை வைக்கிறார்கள், அதுவும் சரியான சான்றிதழ்தான். ஆனால் அது தானாகப் புத்தகம் எடுக்கிற பிள்ளைக்கு. நம்மவன் ஃபுட்பால் டீமுக்காகத்தான் பள்ளிக்கூடமே போகிறான். அவனை நீங்கள் கேட்டீர்களா? அட்டவணையில் அவன் யோசனை ஒன்றும் தென்படவில்லை. அவனைக் கேட்காமல் பெங்களூர் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.

இந்த ஊரில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு ரொம்ப நாளாக நடக்கிறது. மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் ஆரம்பித்தது. அப்பா அம்மா எங்கெங்கோ இருப்பார்கள், பிள்ளை மட்டும் ஹாஸ்டலில் ஒரே இடம். அவனை அங்கே விட்டுவிட்டுப் போகலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் மூன்று பேர் கடற்கரையில் நின்று போட்டோ அனுப்ப, அவன் இங்கே பனியில் உட்கார்ந்து பார்ப்பதா?

எனக்குத் தோன்றுவது, முழு வருஷம் வேண்டாம். பள்ளி நாட்களில் ஓரிடம், தசரா லீவு, டிசம்பர் லீவு, ஏப்ரல் மே முழுக்க வெளியே. இத்தனை ஊரை இரண்டாக்குங்கள், போகிற ஊரில் நன்றாகத் தங்குங்கள். காய்காரம்மா பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு இருந்தால்தான் அது ஊர்.

பெங்களூரை விட்டே ஆக வேண்டும் என்றால் ஏற்காட்டுக்கு வராதீர்கள், சேலத்தில் இருங்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் வீடு பார்க்கலாம், பள்ளியும் ஆஸ்பத்திரியும் பக்கம். இங்கே ஐப்பசி மழையில் மரம் விழுந்தால் கரண்டும் போகும், கேபிளும் போகும். 20 கொண்டை ஊசி வளைவில் ஒன்று சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். உன் மீட்டிங் நடுவில் இதெல்லாம் முடியாது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வாருங்கள், ஞாயிறு இறங்குங்கள். முழு நாளும் பிள்ளைகளை எங்களிடம் விட்டு வேலை பார்க்கும் யோசனை இருந்தால் அதுவும் வேண்டாம் கண்ணு. அம்மாவுக்கு முழங்கால் முன்னைப்போல இல்லை. உன்னிடம் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன்.

வருகிற ஏப்ரலில் ஒரே ஊரில், லீவு போடாமல் வேலை பார்த்துக்கொண்டே இருந்து பாருங்கள். அதுவரை பெங்களூர் வீடு இருக்கட்டும். சாமான் போட வடக்கு அறையை ஒழித்துத்தான் வைத்திருக்கிறேன், மிளகு மூட்டை மட்டும் கிடக்கிறது, வியாபாரி தை கழித்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தான் செல்லும், சின்னவளுடையது எப்போது முடிகிறது என்று எடுத்துப் பார். பெரியவன் என்ன சொன்னான் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. அவன் பக்கத்தில் இல்லாதபோது வேண்டாம், அவனையே பேசச் சொல்லு.

அன்புடன்,
அப்பா