நாற்காலி கேட்ட கதை

அன்புள்ள செல்வம்,

உன் வீட்டுப் பால்காய்ச்சில் பந்தியில் சம்மணம் போடாமல் நான் நாற்காலி கேட்டதை அம்மா இன்னும் மறக்கவில்லையாமே! திமிரெல்லாம் இல்லை என்று சொல்லு. தொடை மடங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாகக் கவட்டியில் வலி. பைக்கில் காலைத் தூக்கிப் போட்டால், ஆட்டோவில் குனிந்து ஏறினால், சுருக்கென்று பிடிக்கும். டாக்டரிடம் போய் ‘இடுப்பு வலி’ என்றேன். நம் பேச்சில் இடுப்பு என்றால் முதுகின் அடிப்பக்கமும்தானே? முதுகுக்கு எம்ஆர்ஐ, பெல்ட் என்று ஆறு மாதம் வீணாய்ப் போயிற்று. நானோ சதை இறுகிவிட்டது என்று நினைத்து, பட்டாம்பூச்சி ஆசனத்தில் முழங்காலை அமுக்கி அமுக்கி வலியை வளர்த்தேன்.

அடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி, உள்ளே சாய்த்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினார். கத்தியே விட்டேன். அதே வலி!

கோளாறு முதுகில் இல்லை, தொடை இடுப்போடு சேரும் மூட்டில். அந்த மூட்டை ஆட்டுக்கல்லாக நினைத்துக்கொள். இடுப்பெலும்பின் குழிதான் கல், தொடை எலும்பின் தலைதான் குழவி. எனக்கு அந்தக் குழவியின் கழுத்தில் ஒரு புடைப்பு. நிற்கும்போது தொந்தரவில்லை, குந்தினால் குழியின் விளிம்பில் போய் இடிக்கிறது. விளிம்பைச் சுற்றி வாஷர் மாதிரி இருக்கும் லேப்ரம் நசுங்குகிறது. இந்த மூட்டு இடிப்பில் என்னுடையது ‘கேம்’ வகை. சிலருக்குக் குழியின் விளிம்பே நீண்டிருக்கும், அது ‘பின்சர்’. ரெண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. இந்த இடிதான் பிற்பாடு மூட்டைத் தேய்க்கிறது என்று 2003-ல் எழுதியவர்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர்.

புடைப்பைச் சீவிவிடலாமா என்று கேட்டேன். துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன்தான். பிரிட்டனில் இதே தொல்லை உள்ள 348 பேரை ஆபரேஷன், பிசியோ என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கூடுதல் குணம். ஆனால் இடுப்பு எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்டுப் போட்ட மதிப்பெண்ணில் 100-க்கு சுமார் 7தான் வித்தியாசம். பிசியோவுக்குப் போனவர்களும் தேறியிருக்கிறார்கள். அந்த ஏழுக்காக உடனே கத்திக்குக் கழுத்தை, இல்லை தொடையை, நீட்ட எனக்கு மனசில்லை.

நாலு மாதமாக மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துக் காலைத் தூக்குவது. எரிச்சலூட்டும் அளவுக்குச் சாதாரணப் பயிற்சிகள். பிட்டச் சதை வலுவாக வலுவாக, மாடி ஏறுகையில் வலியே தெரிவதில்லை. எலும்பு அப்படியேதான் இருக்கிறது. இடிக்கிற கோணத்துக்கு நான் போவதில்லை. கக்கூஸையும் வெஸ்டர்னாக மாற்றியாயிற்று.

உன் பையன் தினம் ஃபுட்பால் ஆடுவதாக எழுதியிருந்தாய். வளரும் வயதில் கடுமையாக ஆடுபவர்களுக்குத்தான் இந்தப் புடைப்பு அதிகமாம். நாமும் எட்டாம் வகுப்பிலிருந்து அப்படித்தானே கிடந்தோம்! பயந்து நிறுத்திவிடாதே. புடைப்பு இருக்கிற பலருக்கு வலியே வருவதில்லை. கவட்டியில் வலிக்கிறது என்று அவன் சொன்னால் மட்டும் சதைப்பிடிப்பு என்று தைலம் தடவி விட்டுவிடாதே, காட்டு.

பொங்கலுக்கு வருகிறேன். அம்மா கையால் சாப்பிட வேண்டும். குட்டை முக்காலி எதுவும் போட்டுவிடாதே, அதுவும் குந்துகிற மாதிரிதான்.

அன்புடன்,
முத்து