ஒரே மூச்சில் மேற்கே போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியேற்றம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டு விவசாயிகள் கிழக்குக் கரையில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி, நேரே மேற்கில் போய் இறங்கி, அரசு இலவசமாகக் கொடுத்த நிலத்தில் குடியேறினார்கள் என்கிற மாதிரி அதில் எழுதியிருந்தது. இரண்டு வருடமாக என் சம்பந்தி வீட்டு வம்சாவளியைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே கதை வேறு மாதிரி இருக்கிறது.

என் மகன் கட்டியிருப்பது நெப்ராஸ்காப் பெண்ணை. சம்பந்திக்குத் தன் தாத்தாவுக்கு மேலே ஒன்றும் தெரியாது. நானோ நில அளவைத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. “வேண்டுமானால் நீங்கள் தேடிப் பாருங்களேன்” என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். இப்போது வருத்தப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும்; மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850ல்தான் வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும், பிறந்த மாநிலத்தையும் எழுத ஆரம்பித்தார்கள். (அடிமைகளுக்கு அதிலும் பெயர் கிடையாது.) அந்த வருடம் இந்தக் குடும்பம் ஓஹையோவில் இருக்கிறது. அப்பா பிறந்தது வெர்மான்ட், அம்மா நியூயார்க். 12 வயது மகனும் 9 வயது மகளும் நியூயார்க்கில் பிறந்தவர்கள். 5 வயது மகனும் 2 வயது மகளும் ஓஹையோவில். பிள்ளைகள் பிறந்த இடத்தை வரிசையாகப் படித்தாலே வண்டித் தடம் தெரிந்துவிடுகிறது. 1860 கணக்கில் அயோவா. அங்கே பிறந்த 5 வயதுப் பெண் ஒருத்தி கூடியிருக்கிறாள்.

அயோவா நிலம் இலவசமில்லை. ஓஹையோ நிலத்தை 1851ல் விற்ற பத்திரம் அந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கிடைத்தது. அந்தப் பணத்தில் அயோவாவில் ஏக்கர் 1.25 டாலர் வீதம் 80 ஏக்கர், நூறு டாலர் ரொக்கம் கட்டி அரசிடம் வாங்கியிருக்கிறார்கள். 1832ல் நடந்த போருக்குப் பிறகு சாக், மெஸ்குவாக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து அரசு பறித்த மண் அது. பட்டாவில் அந்த விஷயம் இருக்காது.

இலவச நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டம் வந்ததே 1862ல்தான். ஓஹையோவில் பிறந்த மகன்தான் 1872ல் நெப்ராஸ்காவில் 160 ஏக்கருக்கு மனு போட்டார். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தக் கோப்பின் நகலை வரவழைத்தேன். 14க்கு 18 அடியில் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய வீடு, ஒரு கிணறு, உழுத நிலம் 45 ஏக்கர். அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவர் சாட்சி. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் நிலம் சொந்தம். நடுவில் 1874ல் வெட்டுக்கிளி வந்து பயிரை மொட்டையடித்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தை அயோவாவில் அக்கா வீட்டில் கழித்திருக்கிறார். பட்டா கைக்கு வந்தது 1879ல். இலவசம் என்ற சொல்லை இதற்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

1880 கணக்கில், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று முதல்முறையாகக் கேட்டார்கள். அந்த மகன் வீட்டில் ஒரு கிழவி பெயருக்கு நேரே ‘தாய்’ என்று இருக்கிறது. அவர் பிறந்த வீட்டுப் பெயர்தான் எங்குமே இல்லை. கல்யாணமானதும் பெண்களின் தடம் அழிந்துவிடுகிறது; இந்தத் தேடலில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

கடைசியில் அது ராணுவ ஓய்வூதியக் கோப்பில் கிடைத்தது. மூத்த மகன் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863ல் விக்ஸ்பர்க் நகர முற்றுகையில் இறந்துபோனார். கணவரையும் இழந்திருந்த தாய், மகனுக்கான ஓய்வூதியம் கேட்டு மனு செய்தார். கல்யாணத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஆதாரம் வேண்டுமே? வீட்டு பைபிளில் குடும்பப் பெயர்கள் எழுதியிருந்த தாளைக் கிழித்து அனுப்பிவிட்டார். அது இன்னும் கோப்பிலேயே இருக்கிறது. பிறந்த வீட்டுப் பெயரும் அதில் உண்டு. அப்புறம், நான் எதிர்பார்க்காத ஒரு வரி: 1852 மார்ச்சில் இல்லினாயில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, 1853 பிப்ரவரியில் இறந்தது. இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே வந்துபோன குழந்தை. இந்தத் தாள் இல்லாவிட்டால் நானும் ஓஹையோவிலிருந்து நேரே அயோவாவுக்குப் போனார்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

தாளில் கவுண்டி பெயர் இருப்பதால், பனி உருகியதும் சம்பந்தியும் நானும் அங்குள்ள பழைய இடுகாடுகளைப் பார்க்கப் போகிறோம். அந்தக் காலக் கல்லில் பல சமயம் இறந்த தேதியோடு வயதை வருடம், மாதம், நாள் என்று பொறித்திருப்பார்கள். கழித்துப் பார்த்தால் பிறந்த தேதி வந்துவிடும். கல் வைக்க அவர்களிடம் காசு இருந்திருந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்,
லிங்கன், நெப்ராஸ்கா