பாப்பா ஒப்பித்த வீடியோ

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலி பரவாயில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, கேட்டால் கோபம் வருகிறது. சித்தப்பா விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

குடும்பக் குழுவில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். டிசம்பர் 10 மனித உரிமை நாள் போட்டிக்காக ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் பாப்பா வரிசையாக ஒப்பிக்கிறாள். எட்டு வயதில் யாருக்கு வரும்? எல்லோரும் கைதட்டிப் போட்டார்கள், நானும் போட்டேன். உன் பெரியம்மாவுக்கு நானே அனுப்பினேன், பெருமைக்காகத்தான்.

19-வது பிரிவில் ஒரு நொடி நிற்கிறாள், கவனித்தாயா? கருத்தை வெளியிடும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்கிற இடம். கண் கேமராவை விட்டு நீ நின்ற பக்கம் போகிறது. மேஜையில் ஸ்கேல் தட்டும் சத்தம் கேட்கிறது. உடனே மீதியை மளமளவென்று சொல்லி முடிக்கிறாள். எடுத்துக்கொடுப்பதற்காகத் தட்டியிருப்பான் என்கிறார் உன் அப்பா. இருக்கலாம்.

உரிமைக்காக நின்றவர்களில் யார் யாரைப் பற்றி அவளுக்குச் சொல்லலாம் என்று பட்டியல் கேட்டிருந்தாய். பட்டியல் தந்தால் அதையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பாய். ஆட்களைக் கதையாகச் சொல்லு, கேள்வி கேட்க விடு, அது போதும்.

கிளாடெட் கோல்வின் என்ற கறுப்பினப் பெண்ணில் ஆரம்பி. 1955 மார்ச்சில், அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழ மாட்டேன் என்று சொல்லிக் கைதானாள். வயது 15. ரோசா பார்க்ஸ் அதையே செய்தது ஒன்பது மாதம் கழித்துத்தான். பேருந்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைத்த அந்தச் சட்டத்தை ஒழித்த வழக்கில் மனுப்போட்ட பெண்களில் கிளாடெட்டும் ஒருத்தி. அப்படியென்றால் ரோசா பெயர் மட்டும் ஏன் எல்லாருக்கும் தெரிகிறது என்று பாப்பா கேட்பாள். கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு, ஒன்றும் குறைந்துவிடாது.

எக்லன்டைன் ஜெப் என்றொரு அம்மாள். முதல் உலகப் போர் முடிந்தும் எதிரி நாட்டுக் குழந்தைகளைப் பட்டினி போட்டிருந்த தன் அரசாங்கத்தைக் கண்டித்து, 1919-ல் லண்டனில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கைதானவர். 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். வழக்கு நடத்திய அரசு வக்கீலே 5 பவுண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாராம். குழந்தைகளின் உரிமைகள் என்று அவர் எழுதிக் கொடுத்ததை 1924-ல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் சங்கம் ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் கொஞ்ச காலம் ஆசிரியையாக இருந்துவிட்டு, குழந்தைகளோடு நமக்கு ஒத்துவராது என்று விலகியவர்! எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். குழந்தைகளைக் கொஞ்சுகிறவர்கள் எல்லாரும் அவர்களை மதிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் நீ முக்கியமாகச் சொல்ல வேண்டியது யானுஷ் கோர்சாக்கைப் பற்றி. அதற்கு முன்னால் நீயே படி. போலந்தில் வார்சா நகரத்தில் அனாதைக் குழந்தைகள் இல்லம் நடத்திய டாக்டர். அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் பிள்ளைகளே. யார் மேல் வேண்டுமானாலும் புகார் எழுதலாம், பெரியவர்கள் மேலும் எழுதலாம். அவர்களுடைய சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் தண்டனையில்லாமல் விட்டுவிடுவதற்கானவை. அதற்கு மேல்தான் கண்டிப்பு, 1000-மாவது பிரிவுக்கு வந்தால்தான் இல்லத்தை விட்டு வெளியேற்றம். ஒரு பையனின் காதில் அறைந்ததற்காகவும், ஒரு சிறுமி திருடியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டதற்காகவும் கோர்சாக்கே அந்த நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார். இல்லத்தையே நடத்துகிறவர், டாக்டர், புத்தகம் எழுதியவர். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எழுதும் தீர்ப்புக்குக் காத்திருந்தார். தன்னை நல்ல ஆசிரியனாக ஆக்கியதே அந்தச் சில வழக்குகள்தான் என்று பிறகு எழுதியும் வைத்தார். இந்த இடத்தை அவளுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லு. அறைந்தவர் யார், புகார் கொடுக்கலாம் என்று வழி வைத்தவர் யார் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவர் கூடவே போனார். அதை இப்போது சொல்லாதே. எட்டு வயதுக்கு நீதிமன்றம் போதும். அப்புறம் என்ன ஆனது என்று அவளே கேட்கும்போது மறைக்காமல் சொல்லு.

1989-ல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையும் இருக்கிறது. அதன் 12-வது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தை என்ன நினைக்கிறது என்று கேட்டு அதற்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. 31-வது, ஓய்வும் விளையாட்டும். இதை அவளுக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ தெரிந்துகொள். போட்டியில் சேர விருப்பமா என்று அவளை யாராவது கேட்டீர்களா? மருமகளிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள்.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. வேலை முடிந்து வந்தும் பிள்ளையோடு உட்கார்கிறாய், உன் அப்பா அதைக்கூடச் செய்ததில்லை. ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த இரவு உனக்கு மறந்திருக்காது. பரீட்சையில் எவ்வளவு வாங்கினாய் என்பது இன்று நம் இருவருக்கும் ஞாபகமில்லை, படிக்கட்டுதான் ஞாபகமிருக்கிறது. நீ அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், என்ன செய்ய?

கதையாகச் சொல்லு, ஒப்பிக்கச் சொல்லாதே. நடுவில் நின்றால் நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போ. என்ன பேசினோம் என்று அவளிடம் கேட்காதே. என்னிடம் கேள், சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

அம்மா