இராங்குண்டா தாக்குப்பிடிப்பானா?

அடிலெய்டு,
19 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கொல்கத்தாவில் பூஜைக் கூட்டத்தில் சிக்கி ஊர் சுற்றியதைப் படித்துச் சிரித்தேன். முட்டிவலியோடு பந்தல் பந்தலாக நடந்திருக்கிறாய், உன்னைச் சொல்லித் திருத்த முடியாது. இங்கே நாங்கள் நலம். வசந்தம் வந்துவிட்டது, கூடவே மகரந்த அலர்ஜியும். சின்னவனுக்குக் காலையில் எழுந்ததும் இருபது தும்மல். மற்றபடி வேலை, வீடு, சனிக்கிழமை சந்தை என்று போகிறது.

சரி, எங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டக்காரன் இராங்குண்டாவைப் பற்றி நீ கடைசிப் பத்தியில் போட்ட குண்டுக்கு வருகிறேன். "உங்க ஊர் இராங்குண்டா இன்னும் ரெண்டு வருஷம் தாங்க மாட்டான், எழுதி வச்சுக்கோ" என்கிறாய். எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் உன் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் பெயர் வாங்கியவன் எல்லாம் சீக்கிரம் காணாமல் போவான் என்பது சோசியம், ஆட்டத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு இல்லை.

அவன் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். பெற்றோர் புருண்டிக்காரர்கள். தான்சானியாவில் அகதி முகாமில் 2006 பிப்ரவரியில் பிறந்தான். கைக்குழந்தையாக ஆஸ்திரேலியா வந்து, இந்த ஊரில் வளர்ந்தான். 2022 ஜனவரியில் எங்கள் ஊர் அணியான அடிலெய்டு யுனைடெட்டுக்காக ஆட இறங்கியபோது வயது 15. அதே மாதம் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். அணியின் ஹிண்ட்மார்ஷ் சின்ன மைதானம், பதினாறாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் உட்காரலாம், அவ்வளவுதான். எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பந்தில் கால் படுகிற சத்தம் கேட்கும். அவன் அடிக்கிற அடியின் சத்தமே வேறு. பந்து சுழலாமல் வரும், கோல்கீப்பர் ஒரு பக்கம் காலெடுத்து வைத்த பிறகு லேசாக விலகும். கோல் விழுந்ததும் அந்தரத்தில் பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம். அதற்காகவே சின்னவன் என்னோடு வருவான்.

2023 நவம்பரில் ஜெர்மனியின் பெரிய அணியான பேயர்ன் மியூனிக் அவனை வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. பதினெட்டு வயது ஆகாமல் வெளிநாட்டு அணிக்குப் போக ஃபிஃபா விதி இடம் தராது என்பதால் 2024 நடுவில்தான் போனான். போவதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவின் முதல் நிலை லீக்கான ஏ லீக்கில் ஹாட்ரிக் அடித்த மிக இளையவன் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டான். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. (ஊர் என்றால் கால்பந்து பார்க்கிற ஊர். என் அலுவலகத்தில் பாதிப் பேர் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் நீள்வட்டப் பந்தைத் தவிர எதையும் பந்தாகவே மதிக்க மாட்டார்கள்.)

அப்புறம் நடந்ததுதான் உனக்கு ஆயுதம். பேயர்னின் முதல் அணிக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாம் அணியோடு ஜெர்மனியின் நான்காம் நிலை லீக்கில் ஆடினான். 2025 ஜனவரியில் சூரிக்கின் கிராஸ்ஹாப்பர் அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கேயும் பெரிதாகக் கோல் வரவில்லை. இந்த ஆகஸ்டிலிருந்து வாட்ஃபோர்டு, அதுவும் இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில். காகிதத்தில் பார்த்தால் படிப்படியாக இறக்கம். நீ அந்தக் காகிதத்தைத்தான் பார்க்கிறாய்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அடிலெய்டில் நாங்கள் வெற்றி என்று கொண்டாடியது என்ன? பெரும்பாலும் கடைசி இருபது, முப்பது நிமிடம். எதிரணி டிஃபென்டர்களின் கால் கனத்திருக்கும், ஆட்டம் அங்கும் இங்கும் திறந்து கிடக்கும், அப்போது இவனை இறக்குவார்கள். பக்கக்கோட்டருகே பந்தை வாங்கி, ஒரே தள்ளு, இரண்டு பேரைத் தாண்டிவிடுவான். தரமிறக்கம் கிடையாத லீக் அது. தோற்றால் கீழே போய்விடுவோம் என்ற பயம் இல்லாததால் சின்னப் பையன்களை நம்பி இறக்குவதற்குத் துணிச்சல் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே கிடைக்கிற இடைவெளி வேறெங்கும் கிடைக்காது. ஐரோப்பாவில் பந்து காலுக்கு வரும் முன்பே டிஃபென்டர் முதுகில் இருப்பான். பந்து நம்மிடம் இல்லாதபோது எங்கே நிற்பது, நம் ஃபுல் பேக் (பக்கக்கோட்டு டிஃபென்டர்) மேலே ஏறினால் பின்னால் யார் ஓடுவது, எப்போது அழுத்துவது, எப்போது விடுவது, இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தேவைப்படவே இல்லை. காலில் இடி வைத்திருப்பவனைப் போய் யார் திரும்பி ஓடச் சொல்வார்கள்?

அதனால் மியூனிக்கில் அவன் ஆடாதது எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வயதில் ஒருவனுக்குத் தேவை ஆட்ட நிமிடங்கள். பெரிய அணியின் பயிற்சி மைதானத்தில் உலகப் புகழ்பெற்றவர்களோடு பந்து தட்டுவது, வீட்டுக்குப் போட்டோ அனுப்ப நன்றாக இருக்கும்.

பயமுறுத்துகிற உதாரணம் வேண்டுமென்றால் நானே தருகிறேன், நீ சிரமப்பட வேண்டாம். டேனியல் அர்சானி, இவனும் ஆஸ்திரேலியாக்காரன். 2018 உலகக் கோப்பையிலேயே மிக இளைய ஆட்டக்காரன். அந்த ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டி வாங்கி ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்குக் கடனாகக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் டண்டீக்கு எதிராக மாற்று ஆளாக முதன்முதலில் இறங்கினான், அந்த ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. பிறகு நெதர்லாந்து, டென்மார்க், பெல்ஜியம் என்று அலைந்து ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினான். அவன் பந்தோடு போவதைப் பார்த்திருக்கிறாயா? கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. இன்றைக்கும் நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அடுத்தது காராங் குவோல். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2-1, கூடுதல் நிமிடங்களும் முடியப் போகின்றன. பெட்டிக்குள் பந்தை மார்பில் வாங்காத குறையாகத் திரும்பி அடித்தான். அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் கையை நீட்டித் தடுத்து, பந்தைக் கட்டிப்பிடித்துத் தரையில் கிடந்தார். அது உள்ளே போயிருந்தால் பதினெட்டு வயதுப் பையன் மெஸ்ஸியின் கோப்பையைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்திருப்பான். அப்போதே இங்கிலாந்தின் நியூகாசிலோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. அங்கே முதல் அணி வாசலைத் தாண்டவில்லை. ஸ்காட்லாந்தில் ஹார்ட்ஸ், நெதர்லாந்தில் வோலன்டாம் என்று கடனாகச் சுற்றினான். இப்போது பிராக்கில் ஸ்பார்ட்டா அணியில் இருக்கிறான். 21 வயதுதான் ஆகிறது. அவன் கதையை இப்போதே முடித்து வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் இராங்குண்டாவைப் பார்க்கும்போது எனக்கு இவர்கள் இருவரையும்விட மாத்யூ லெக்கிதான் ஞாபகத்துக்கு வருகிறார். அவரும் அடிலெய்டு யுனைடெட்டிலிருந்து 2011-இல் ஜெர்மனி போனவர், பொருசியா முன்ஷன்கிளாட்பாக் அணிக்கு. இறக்கை கட்டிய மாதிரி ஓடுவார், அவ்வளவுதான் அப்போது அவரிடம் இருந்த சரக்கு. கிளாட்பாக்கில் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலைக்கு இறங்கி எஃப்எஸ்வி ஃபிராங்க்ஃபர்ட், பிறகு இங்கோல்ஸ்டாட். அங்கேதான் ஆள் மாறினார். முன்கள ஆட்டக்காரனாகப் போனவர் வலப்பக்கம் முழுவதும் மேலும் கீழும் ஓடுகிறவராக ஆனார். டிஃபென்ஸ் ஆடக் கற்றார், அடி வாங்கக் கற்றார். இங்கோல்ஸ்டாட் 2015-இல் பூண்டெஸ்லிகாவுக்கு ஏறியபோது அவரும் ஏறினார், பிறகு ஹெர்த்தா பெர்லின். 2014, 2018, 2022 என்று மூன்று உலகக் கோப்பை ஆடியவர். 2022-இல் டென்மார்க்குக்கு எதிராக அந்த ஒரே கோலை அடித்தாரே, தனி ஆளாகப் பந்தை எடுத்துப் போய், டிஃபென்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டு, மூலையில் தாழ்வாக. அப்போது அவருக்கு 31 வயது. 2011-இல் அவரைப் பார்த்து "தாங்க மாட்டான்" என்று சொல்ல உன்னைப் போல ஆயிரம் பேர் இருந்தார்கள்.

இந்த மாதம் கனடாவோடு ஆஸ்திரேலியா மாண்ட்ரியாலில் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். உங்களுக்கு விடியாத நேரம். எனக்கு இங்கே காலை, வேலைக்கு நடுவே ஒரு கண்ணை போனில் வைத்திருந்தேன். ஆட்டம் முழுக்க கனடாவின் அழுத்தம். தேசிய அணிக்கு முதன்முதலாக இறங்கிய கோல்கீப்பர் பால் இஸ்ஸோ, அவரும் முன்னாள் அடிலெய்டுக்காரர், தடுத்துக்கொண்டே இருந்தார். எழுபது நிமிடம் தாண்டி ஒரே ஒரு வாய்ப்பு. இராங்குண்டா பந்தோடு ஓடி, பெட்டிக்குள் நுழையாமலே தாழ்வாக அடித்தான். 1-0. கோல் அழகுதான், ஆனால் நான் கவனித்தது அதற்கு முன்னால். ஒன்றுமே கிடைக்காத எழுபது நிமிடமும் அவன் சலித்துப்போய் நிற்கவில்லை. அடிலெய்டில் இரண்டு முறை பந்து வராவிட்டால் இடுப்பில் கைவைத்து நிற்பான், பார்த்திருக்கிறேன். மாண்ட்ரியாலில் திரும்பி ஓடினான், இடத்தை அடைத்தான், மறுபடி முன்னால் போனான். செப்டம்பரில் ஆக்லாந்தில் நியூசிலாந்துக்கு எதிராக அடித்த கோலைவிட எனக்கு இந்த ஓட்டம்தான் பெரிதாகப் பட்டது.

தேசிய அணிப் பயிற்சியாளர் பொப்போவிச்சுக்கும் இதில் பங்கு உண்டு. மனுஷர் கறார். சவுதியை ஜெத்தாவில் 2-1 என்று வென்று ஜூனில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும்வரை இவனை ஏறத்தாழ மறந்தே இருந்தார். முதலில் ஏதாவது ஓர் அணிக்கு ஒழுங்காக ஆடு, பிறகு வா என்பது அவர் கணக்கு. அப்போது எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது.

உண்மையான கவலை எனக்கு வாட்ஃபோர்டைப் பற்றித்தான். ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டம், சனி, செவ்வாய், சனி என்று ஓயாமல் வரும். அந்த லீக் ஒருவனை மனிதனாக்கும் அல்லது முறித்துப் போடும். அதுகூடப் பரவாயில்லை. அந்த அணி பயிற்சியாளர்களைத் தூக்கி எறிகிற வேகம் உனக்குத் தெரியாது. மே மாதம் வந்த பெஸ்ஸோலானோவை இந்த மாதமே அனுப்பிவிட்டு, முன்பு அனுப்பிய ஹாவி கிராசியாவை மறுபடி கூட்டி வந்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதுக்காரனுக்குச் சில மாதத்துக்கு ஒரு முறை புது வாத்தியார், புதுப் பாடம் என்றால் எதைக் கற்பான்? லெக்கிக்கு இங்கோல்ஸ்டாட்டில் மூன்று வருஷம் அமைந்தது. இவனுக்கு அது கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. திறமை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆக, என் கட்சி இது: தாங்குவான். ஆனால் அவனுடைய பதினாறு வயதில் நாங்கள் கனவு கண்ட அளவுக்கு உலகமே திரும்பிப் பார்க்கிற ஆளாக வருவான் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் நல்ல அணியில் பத்து வருஷம் ஆடி, தேசிய அணிக்கு நாற்பது, ஐம்பது ஆட்டம் ஆடினால் அது போதாதா? உங்கள் ஜேமி மெக்லாரனையே எடுத்துக்கொள். ஜெர்மனியும் ஸ்காட்லாந்தும் முழுசாக ஒத்துவரவில்லை. திரும்பி வந்து ஏ லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவர் ஆனார். இப்போது மோகன் பகானுக்கு ஆடுகிறார், ஏப்ரலில் இறுதிப் போட்டியில் பெங்களூருவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோலுக்கு சால்ட் லேக் மைதானத்தில் நீ தொண்டை கிழியக் கத்தியதாக நீயேதான் எழுதியிருந்தாய். அவரைத் தோற்றவர் என்று உன் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பார், வீடு திரும்ப மாட்டாய்.

இன்னொரு பெயரையும் குறித்து வை: முகமது டூரே. கினியாவில் முகாமில் பிறந்து இதே அடிலெய்டில் வளர்ந்தவன். 2020-இல் 15 வயதில் ஏ லீக்கில் கோல் அடித்தான், அந்த லீக்கில் அதற்கு முன் அத்தனை சின்ன வயதில் யாரும் அடித்ததில்லை. பிரான்ஸ் போய் காணாமல் போனான் என்றார்கள். டென்மார்க்கில் ராண்டர்ஸ் அணியில் மெதுவாக எழுந்து, ஆக்லாந்தில் இரண்டு கோல் அடித்தான், இன்னொன்று இராங்குண்டாவுடையது. இந்த ஊர்ப் பையன்களிடம் சரக்கு இருக்கிறது செல்வம், நான் பக்கச்சார்போடுதான் சொல்கிறேன்.

போன செவ்வாய் ஆஸ்திரேலியா அமெரிக்காவிடம் 2-1 என்று தோற்றது, அதை நீ சொல்லிக்காட்டும் முன் நானே சொல்லிவிட்டேன்.

பந்தயம் கட்டுகிறாய் என்றால் நான் தயார். வருகிற ஜூன் உலகக் கோப்பை அணியில் அவன் இருந்தால் நீ எனக்கு நாகூர் ஹோட்டலில் பிரியாணி. இல்லாவிட்டால் உனக்குக் கேட்டதை வாங்கித் தருகிறேன். பொங்கலுக்குத் திருச்சி வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. உனக்கு லீவு கிடைக்குமா? அம்மாவின் கண் ஆபரேஷன் எப்போது என்பதையும் எழுது. கோகிலாவுக்கு என் விசாரிப்பைச் சொல். முட்டிக்கு டாக்டரைப் பார்.

அன்புடன்,
ரகு